பின் ஆக்சிலில் மூன்றா, நான்கா? பழைய கார் சோதனைகளைப் படிக்கும் முறை

பழைய கார்களைப் பற்றிய பேச்சில் அடிக்கடி வந்து குழப்பும் எண் ஒன்று உண்டு: பின் ஆக்சில் விகிதம். ஒரே மாடல் காருக்கு ஓரிடத்தில் 3:1 என்றிருக்கும், இன்னோரிடத்தில் 4:1 என்றிருக்கும். ஒருவர் அந்தக் கார் டாப் கியரிலேயே மேடு ஏறியது என்பார். இன்னொருவர் அதே மேட்டில் திணறியது என்பார். படிக்கிறவருக்கு என்ஜின் மேல்தான் சந்தேகம் வரும். பல நேரம் என்ஜின் ஒரு தப்பும் செய்திருக்காது. பின்னால் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும் இரண்டு பல்சக்கரங்களில் ஒன்றுக்கு இரண்டு மூன்று பற்கள் கூடவோ குறையவோ இருந்திருக்கும், அவ்வளவுதான்.

இந்த எண் எங்கிருந்து வருகிறது, அது மாறினால் சோதனை முடிவு எவ்வளவு மாறும், 1900களிலும் 1910களிலும் கார்களைச் சோதித்தவர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பினியனும் கிரவுன் வீலும்

அந்தக் காலக் கார்களில் பெரும்பாலும் என்ஜின் முன்னால், இழுக்கும் சக்கரம் பின்னால். என்ஜினிலிருந்து நீளவாக்கில் வரும் தண்டின் முனையில் சிறிய பல்சக்கரம் ஒன்று இருக்கும். அது பினியன். அது ஒரு பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றும். அது கிரவுன் வீல். இந்த ஜோடிக்கு இரண்டு வேலைகள்: சுழற்சியைக் குறுக்கே திருப்பிச் சக்கரங்களுக்கு அனுப்புவது, அனுப்பும்போதே வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவது.

விகிதம் என்பது பற்களின் வகுத்தல் கணக்கு. ஃபோர்டு மாடல் டி காரில் கிரவுன் வீலுக்கு 40 பல், பினியனுக்கு 11 பல். 40ஐ 11ஆல் வகுத்தால் 3.64 வரும். அதாவது டாப் கியரில் என்ஜின் 3.64 சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்று சுற்றும்.

சைக்கிளில் இது தலைகீழ். பெடலுக்குப் பக்கத்தில் பெரிய பல்சக்கரம், பின்சக்கரத்தில் சிறியது. காலால் வேகமாகச் சுற்ற முடியாது, ஆனால் அழுத்தி மிதிக்க முடியும். அதனால் அங்கே வேகத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது. என்ஜினுக்கு வேகம் தாராளம், அழுத்தம் போதாது. அதனால் இங்கே குறைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது ஒரு பெயர்க் குழப்பம். ஆக்சில் விகிதத்தில் எண் சிறிதாக இருந்தால் அதை ‘உயர்ந்த கியர்’ என்பது வாகனத்துறை வழக்கம். எண் பெரிதாக இருந்தால் ‘தாழ்ந்த கியர்’. 3:1 உயர்ந்தது, 4:1 தாழ்ந்தது. பழைய அறிக்கைகளைத் தப்பாகப் படிப்பவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். எனவே இந்தக் கட்டுரையில் 3:1 போன்றதை ‘வேக விகிதம்’ என்றும், 4:1 போன்றதை ‘இழுவை விகிதம்’ என்றும் சொல்கிறேன்.

ஒரே என்ஜின், மூன்று பினியன்

1908 முதல் 1927 வரை தயாரான மாடல் டி இதை விளக்க நல்ல உதாரணம். என்ஜின் 2.9 லிட்டர், நிமிடத்துக்கு 1,600 சுற்றில் 20 குதிரைத்திறன். அதிகபட்ச முறுக்குவிசை சுமார் 83 பவுண்டு-அடி, அதுவும் நிமிடத்துக்கு வெறும் 900 சுற்றிலேயே வந்துவிடும். வழக்கமான விகிதம் 3.64. அதைத் தவிர 39 பல்லும் 13 பல்லும் சேர்ந்த 3:1 ஜோடியும், 40 பல்லும் 10 பல்லும் சேர்ந்த 4:1 ஜோடியும் உண்டு.

பின் டயரின் வெளிவிட்டம் 30 அங்குலம். அப்படியென்றால் ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் ஏறத்தாழ 418 முறை சுற்ற வேண்டும். இதை விகிதத்தோடு பெருக்கினால் மூன்று கார்களும் எவ்வளவு விலகிப் போகின்றன என்பது தெரியும்:

1. 3:1 என்றால் கிலோமீட்டருக்கு என்ஜின் 1,253 சுற்று. 1,600 சுற்று வேகத்தில் மணிக்கு 76 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல்.
2. 3.64:1 என்றால் கிலோமீட்டருக்கு 1,520 சுற்று. அதே என்ஜின் வேகத்தில் மணிக்கு 63 கி.மீ.
3. 4:1 என்றால் கிலோமீட்டருக்கு 1,671 சுற்று. மணிக்கு 57 கி.மீ.

அப்படியானால் எல்லோரும் 3:1 போட்டுக்கொள்ளலாமே? முடியாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். அதைத் தாண்டத் தேவைப்படும் திறன் மும்மடிக்கு ஏற்ப ஏறும். நிமிர்ந்த கண்ணாடியும் துணிக்கூரையும் கொண்ட ஒரு காரை 20 குதிரைத்திறன் 76 கி.மீ.க்குத் தள்ளுவது, காகிதத்தில் இருக்கிற அளவு சுலபமில்லை. எதிர்க்காற்றில் 3:1 கார் தன் 1,600 சுற்றை எட்டாமலே தவித்து நிற்கும். அந்த நேரத்தில் 3.64 கார் அதைத் தாண்டிப் போனாலும் ஆச்சரியமில்லை. வேக விகிதம் வேகத்தை அனுமதிக்கும். அந்த வேகத்துக்குத் தேவையான திறனை என்ஜின்தான் தந்தாக வேண்டும்.

மேட்டுக்கு வருவோம். ஆட்களோடு சேர்த்துக் காரின் எடை 800 கிலோ என்றும், டாப் கியரில் பத்தில் ஒரு பங்கு இழுவை உராய்வில் வீணாகிறது என்றும், சக்கரங்கள் ரோட்டில் உருளவே எடையில் ஐம்பதில் ஒரு பங்கு இழுவை போகிறது என்றும் வைத்துக்கொண்டு நான் போட்ட தோராயக் கணக்கு இது. டாப் கியரிலேயே 3:1 கார் ஏறக்கூடியது 12 அடி தூரத்துக்கு 1 அடி உயரும் சரிவு. 3.64 கார் 10 அடிக்கு 1 அடி வரை ஏறும். 4:1 கார் ஏறத்தாழ 9 அடிக்கு 1 அடி. கேட்க சின்ன வித்தியாசம்தான். ஆனால் மாடல் டியில் முன்னோக்கிப் போக இரண்டே கியர்கள். டாப் கியர் தோற்றால் அடுத்தது ‘லோ’, அது 2.75 மடங்கு தாழ்ந்தது. நடுவில் ஒன்றுமில்லை. லோவில் கார் மணிக்குப் பதினைந்து கி.மீ.க்குள் ஊர்ந்துகொண்டிருக்கும், டிரைவர் பெடலை விடாமல் மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே மேடு பள்ளம் நிறைந்த ஊர்க்காரருக்கு 9 அடிக்கு 1 அடி, 12 அடிக்கு 1 அடி என்ற அந்த வித்தியாசம் நாள் முழுக்க அனுபவிக்கும் வித்தியாசம்.

(மாடல் டியில் பெட்ரோல் டேங்க் இருக்கைக்கு அடியில்; பெட்ரோல் தானாகவே வழிந்து கார்புரேட்டருக்கு வர வேண்டும். செங்குத்தான மேட்டில் டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் அது வராது. அதனால் டிரைவர்கள் காரைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றினார்கள். ரிவர்ஸ் லோவைவிடத் தாழ்ந்த கியர் என்பது அதில் இன்னொரு வசதி.)

ஏன் 11 பல்?

40ஐ 10ஆல் வகுத்தால் அழகாக 4 வருகிறது. 39ஐ 13ஆல் வகுத்தால் 3. ஃபோர்டு வழக்கமாகப் போட்டதோ 11 பல்லும் 40 பல்லும். 11க்கும் 40க்கும் 1ஐத் தவிரப் பொது வகுஎண் கிடையாது. அதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் முறைவைத்து கிரவுன் வீலின் எல்லாப் பற்களையும் சந்திக்கும்; தேய்மானம் சமமாகப் பரவும். 10க்கு 40 என்றால் பினியனின் ஒரு பல் கிரவுன் வீலில் எப்போதும் அதே நான்கு பற்களைத்தான் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பல்லில் சின்னக் குறை இருந்தால், அந்த நாலு இடங்கள் மட்டும் சீக்கிரம் தேயும். விகிதங்கள் 3.64, 3.66 என்று ஒழுங்கற்ற பின்னங்களாக இருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

ஓடுதளமும் மேடும் ஓரிடத்தில்

1907இல் இங்கிலாந்தில் புரூக்லேண்ட்ஸ் ஓடுதளம் திறக்கப்பட்டது. ஒரு சுற்று சுமார் 2¾ மைல். பொதுச்சாலையில் வேக வரம்பு இருந்த நாட்டில், ஒரு காரை முழு வேகத்தில் விட்டு நேரம் குறிக்க அதுதான் இடம். 1909இல் அங்கேயே ‘சோதனை மேடு’ ஒன்றைக் கட்டினார்கள். நீளம் 352 அடி. ஆரம்பத்தில் 8 அடிக்கு 1 அடி, நடுவில் 5க்கு 1, உச்சியில் 4க்கு 1.

ஆக்சில் விகிதத்தைப் பொறுத்தவரை இது அந்தக் காலத்தின் பெரிய வசதி. வேக விகிதம் போட்டவர் ஓடுதளத்தில் ஜெயிப்பார், மேட்டில் மாட்டுவார். இழுவை விகிதம் போட்டவருக்கு நேர்மாறு. இரண்டும் ஒரே வளாகத்தில் இருந்தால், ஒரே நாளில் ஒரே ஆக்சிலோடு இரண்டையும் செய்து காட்டச் சொல்லலாம்.

மேலே சொன்ன மாடல் டியைக் கற்பனையில் அந்த மேட்டுக்குக் கொண்டுபோவோம். லோ கியரில் உராய்வு கொஞ்சம் கூடுதல் என்று வைத்துக் கணக்கிட்டால், 3.64 ஆக்சில் 3.4 அடிக்கு 1 அடி வரை இழுக்கும், உச்சியைத் தாண்டிவிடும். 3:1 ஆக்சிலின் எல்லை 4.1 அடிக்கு 1 அடி. அதாவது முதல் இரண்டு பகுதிகளை ஏறி, கடைசி 4க்கு 1இல் மூச்சுவாங்கி நின்றுவிடும். பார்வையாளர் எழுதிக்கொள்வது ‘ஃபோர்டு ஏறவில்லை’ என்று. உண்மையில் ஏறாதது 13 பல் பினியன்.

டாப் கியர் மோகம்

இன்றைக்கு யாரும் ‘என் கார் ஐந்தாவது கியரிலேயே மலை ஏறும்’ என்று பெருமையடிப்பதில்லை. அன்றைக்கு அதுதான் பெருமை. காரணம் எளிது: அப்போதைய கியர்பாக்ஸில் கியர் மாற்றுவது ஒரு வித்தை. கிளட்சை இருமுறை மிதித்து, என்ஜின் வேகத்தைக் காதால் அளந்து தள்ள வேண்டும். கொஞ்சம் பிசகினால் பற்கள் அரையும் சத்தம் தெருமுனைவரை கேட்கும். இந்தத் தொல்லையைக் குறைத்த சிங்க்ரோமெஷ் முறை கேடிலாக் கார்களில் வந்ததே 1928இல்தான். கியர் மாற்றாமல் ஓட்ட முடிவது ஆடம்பரமாகப் பார்க்கப்பட்டதற்கு இதுதான் பின்னணி.

இங்கே ஏமாற்ற வழி இருந்தது. ஆக்சிலில் இழுவை விகிதத்தைப் போட்டுவிட்டால், சுமாரான என்ஜின்கூட டாப் கியரில் மேடு ஏறிவிடும். விலையைச் சமவெளியில் கொடுக்க வேண்டும்: என்ஜின் அலறும், பெட்ரோல் கரையும், உச்ச வேகம் விழும். ஆக, மேடு ஏறியதை மட்டும் காட்டி வேகத்தையும் பெட்ரோல் கணக்கையும் மறைத்த சோதனைக்கு மதிப்பில்லை.

1911இல் ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில் நடந்த லண்டன்–எடின்பரோ ஓட்டங்கள் பேசப்படுவது இதனால்தான். போக 400, வர 400 என்று சுமார் 800 மைல், முழுக்க டாப் கியரில். கூடவே பெட்ரோல் அளவு. அப்புறம் புரூக்லேண்ட்ஸில் உச்ச வேகம். முதலில் நேப்பியர் என்ற பிரிட்டிஷ் கார் நிறுவனம் இதைச் செய்து காட்டியது: காலனுக்கு 19.35 மைல், உச்ச வேகம் மணிக்கு 76.42 மைல். அதற்குப் பதிலடியாக ரோல்ஸ் ராய்ஸ் தன் சில்வர் கோஸ்ட் மாடல் கார் ஒன்றை அனுப்பியது. ஓட்டியவர் எர்னஸ்ட் ஹைவ்ஸ். காலனுக்கு 24.32 மைல், உச்ச வேகம் மணிக்கு 78.26 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு 8.6 கி.மீ., மணிக்கு 126 கி.மீ.

டாப் கியர் ஓட்டம், பெட்ரோல் அளவு, உச்ச வேகம் என்ற இந்த மூன்றும் ஒன்றையொன்று காவல் காக்கின்றன. ஆக்சிலை இழுவைப் பக்கம் சாய்த்திருந்தால் பெட்ரோலும் வேகமும் காட்டிக்கொடுத்திருக்கும். வேகப் பக்கம் சாய்த்திருந்தால் வழியில் வரும் மேடுகளில் கியரைக் குறைக்க வேண்டியிருக்கும். நேப்பியரைவிட வேகம் இரண்டே மைல்தான் அதிகம், அது பெரிய விஷயமில்லை. அந்த வேகத்தைக் கால் பங்குக்கும் மேல் கூடுதலான மைலேஜோடு காட்டியதுதான் விஷயம்.

அதே 1911இல் இன்னொரு கூத்தும் நடந்தது. எடின்பரோவைச் சேர்ந்த ஹென்றி அலெக்சாண்டர் ஒரு மாடல் டியை 1,345 மீட்டர் உயர பென் நெவிஸ் மலை உச்சிக்கு ஏற்றிக் காட்டினார். ஒருவர் கியரைத் தாழ்த்தாமல் ஓட்டியதற்காகவும் இன்னொருவர் மலையையே ஏறிக் காட்டிய இழுவைக்காகவும் பெயர் வாங்கியது ஒரே வருடத்தில்.

காட்ஷ்பெர்க் கணவாயில் கிடைத்த பாடம்

ஆக்சில் விகிதத்தைத் தனியாக வைத்துப் பேசினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ரோல்ஸ் ராய்ஸே சாட்சி.

ஆரம்பகால சில்வர் கோஸ்ட்டில் நான்கு கியர்கள். மூன்றாவது நேர் இணைப்பு, அதாவது கியர்பாக்ஸ் எதையும் குறைக்காமல் என்ஜின் சுற்றை அப்படியே பின்னால் அனுப்பும். நான்காவது ஓவர்டிரைவ், என்ஜினைவிடத் தண்டு வேகமாகச் சுற்றும். திறந்த சாலையில் அமைதியாகப் பறப்பதற்கு வைத்த கியர் அது. ஆனால் வாங்கியவர்களுக்கு டாப் என்றால் டாப். எல்லா வேலையையும் நான்காவதிலேயே செய்யப் பார்த்தார்கள், மேட்டில் இழுவை போதவில்லை என்றார்கள். கடைசியில் 1909இல் ஓவர்டிரைவையே எடுத்துவிட்டு, மூன்று கியர் பெட்டியைப் போட்டது நிறுவனம்.

பிரிட்டிஷ் சாலைகளில் அது போதுமாக இருந்தது. 1912இல் ஜேம்ஸ் ராட்லி என்பவர் தன் சில்வர் கோஸ்ட்டோடு ஆல்ப்ஸ் மலைப் பந்தயத்துக்குப் போனார். ஆஸ்திரியாவின் காட்ஷ்பெர்க் கணவாயில் கார் நின்றுவிட்டது. முதல் கியரே அந்தச் சரிவுக்கு உயர்ந்ததாக இருந்தது. உள்ளே இருந்தவர்களை இறக்கிவிட்ட பிறகுதான் கிளம்பியது. உலகத்தின் தலைசிறந்த கார் என்று சொல்லிக்கொண்ட நிறுவனத்துக்கு இது நல்ல அடி. அடுத்த வருடம், 1913இல், நான்கு கியர் பெட்டி பொருத்திய கார்களோடு நிறுவனமே அணியாக இறங்கி, அதே பந்தயத்தில் பிரமாதமாக ஓடியது.

கணக்காகச் சொன்னால்: சக்கரத்துக்கு வந்து சேரும் மொத்த விகிதம் என்பது கியர்பாக்ஸ் விகிதத்தையும் ஆக்சில் விகிதத்தையும் பெருக்கி வருவது. ஆக்சிலை மாற்றினால் எல்லாக் கியரும் ஒன்றாக நகரும். முதல் கியரின் குறையைத் தீர்க்க ஆக்சிலைத் தாழ்த்தினால் டாப் கியரின் அழகு போய்விடும். அதனால்தான் ஆக்சிலைத் தொடாமல் பெட்டிக்குள் இன்னொரு கியரைச் சேர்த்தார்கள்.

இரண்டு ஆக்சில்களை ஒன்றாக வைத்தால்?

கேடிலாக் வேறு வழியில் யோசித்தது. 1914ஆம் ஆண்டு மாடலில் பின் ஆக்சிலுக்குள்ளேயே இரண்டு கிரவுன் வீல், இரண்டு பினியன். 3.66:1 ஊருக்குள், 2.5:1 வெளிச்சாலைக்கு. மின்சார ஸ்விட்சால் மாற்றிக்கொள்ளலாம். முன்னால் இருந்த மூன்று கியரோடு சேர்த்தால் ஆறு வேகங்கள்.

இங்கே ஒரு கணக்கு சுவாரஸ்யமானது. அந்த கேடிலாக்கின் டயர் 36 அங்குலம். 3.66 ஆக்சிலில், என்ஜினின் ஒவ்வொரு ஆயிரம் சுற்றுக்கும் கார் மணிக்கு 47 கி.மீ. வேகம் காட்டும். மாடல் டியின் 30 அங்குல டயரோடு 3:1 ஆக்சில் காட்டுவது 48 கி.மீ. காகிதத்தில் ஒன்று 3.66, இன்னொன்று 3. ரோட்டில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. டயர் அளவு தெரியாமல் இரண்டு கார்களின் ஆக்சிலை ஒப்பிடுவது, படியின் அளவு தெரியாமல் ‘மூன்று படி அரிசி, நாலு படி அரிசி’ என்று சண்டை போடுவது மாதிரி.

2.5க்கு மாற்றினால் ஆயிரம் சுற்றுக்கு 69 கி.மீ.; சுமார் ஆறு லிட்டர் என்ஜினுக்கு அது சோம்பலான நடை. இருந்தும் இந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. 1915 மாடலில் வி-8 என்ஜின் வந்ததும் இரட்டை ஆக்சில் போய்விட்டது. இழுவை தாராளமாக இருந்தால் ஒரே விகிதத்தில் சமாளித்துவிடலாம்.

பழைய அறிக்கையைக் கையில் எடுத்தால்

1. ஆக்சில் எண்ணைப் பார்த்ததும் டயர் அளவைத் தேடுங்கள். ஒரே காரில்கூட 880 மி.மீ. டயரை எடுத்துவிட்டு 895 மி.மீ. போட்டால் விகிதம் 1.7 சதவீதம் வேகப் பக்கம் நகர்ந்துவிடும். பாரம் ஏறியதும் டயர் கொஞ்சம் அமுங்கும் என்பதால் கணக்கும் ரோடும் எப்போதுமே துளி விலகித்தான் இருக்கும்.

2. டாப் கியர் நேர் இணைப்பா, ஓவர்டிரைவா? நேர் இணைப்பு என்றால் மட்டுமே ஆக்சில் விகிதமும் டாப் கியர் விகிதமும் ஒன்று.

3. வேகச் சோதனையும் மேட்டுச் சோதனையும் ஒரே ஆக்சிலோடு நடந்தனவா? இதுதான் என் பார்வையில் முதல் கேள்வியாக இருக்க வேண்டியது. இடையில் பினியனை மாற்றியிருந்தால் அவை இரண்டு வேறு கார்களின் முடிவுகள்.

4. எந்த உடல், எத்தனை பேர்? ஹைவ்ஸ் பின்னர் மெல்லிய, காற்றைக் கிழிக்கும் உடல் பொருத்திய சில்வர் கோஸ்ட்டில் புரூக்லேண்ட்ஸில் மணிக்கு 101.8 மைல் ஓட்டினார். அதை நான்கு பேர் உட்காரும் காரின் 78 மைலோடு நேராக ஒப்பிட்டு ஆக்சிலைப் பற்றி முடிவு கட்ட முடியாது.

காரே கையில் இருந்து காகிதம் எதுவும் இல்லையென்றால்? மாடல் டி என்றால் பெட்டியைப் பிரிக்கத் தேவையில்லை. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, மற்றதற்கு முட்டுக்கொடுத்து, ஹாண்ட் லீவரை முன்னால் தள்ளி டாப் கியரில் வையுங்கள். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு. ஒருவர் முன்னால் நின்று கிராங்கைப் பத்து சுற்று மெதுவாகச் சுற்றட்டும், இன்னொருவர் கோட்டை எண்ணட்டும். ஒரு சக்கரம் தரையில் அசையாமல் நிற்பதால் டிஃபரன்ஷியல் (இரண்டு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) மற்றதை இருமடங்கு சுழற்றும். கோடு ஐந்து முறை வந்தால் உள்ளே இருப்பது 4:1. ஐந்தரை என்றால் 3.64, அதாவது வழக்கமான 11 பல். ஆறே முக்காலுக்குச் சற்று முன்னால் நின்றால் யாரோ ஒரு வேகப் பிரியர் 13 பல் பினியனைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.